சட்டத்தின் எல்லைக்கோடும் மலையகத் தொழிலாளியும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்னே எழுந்து நிற்கும் அந்தானை மலைச்சரிவிலே தேயிலை படர்ந்துள்ளது. சில மடிப்புகளில் அது கவாத்துக் காணாது மரமாய் ஓங்கிக் காட்டோடு கலந்துவிட்டது. அத்தேயிலையினிடையே லயங்கள் உள்ளன. லயங்களிலே மனிதர் உள்ளனர். இத்தோட்டம் யாருடையது என்று வினவுவோருக்கு ‘ஜனவசம’வினுடையது என்ற விடை எளிதிற் கிடைக்கும். இங்கு உழைப்போருக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று வினவினால் விடை அத்துணை எளிதிற் கிடைப்பதில்லை. மலையக மக்களின் பொருளியல் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டாவது வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறே எனலாம்.

நலிந்த மக்களை உயர்த்துதற்கென இயற்றப்படும் சட்டங்களின் முகவுரை எப்பொழுதும் அழகாகவே இருக்கும். அவை வழங்கும் நன்மைகள் பாராளுமன்றத்திலே முழங்கப்படும். பத்திரிகைகளிலே தடித்த எழுத்துக்களில் வெளிவரும். ஆயின் அச்சட்டத்தின் உட்புறத்தே, எவரும் வாசியாத ஓரிடத்தில், ‘இச்சட்டத்தின் ஏற்பாடுகள் இன்னின்னாருக்கு ஏற்புடையன’ என்றும், ‘தொழில்தருநர் என்பது இன்னாரைக் குறிக்கும்’ என்றும் சில வரிகள் காணப்படும். கொடுக்கப்பட்டது அங்கேதான் நிலைபெறுகிறது; அன்றேல் மீளப் பறிக்கப்படுகிறது. ஒரு நிறுவனத்திற்கு எவ்விதி பொருந்தும் எனத் துணிதல் எழுதுவினைஞரின் கருமம் என்றும், அதில் அரசியல் ஏதுமில்லை என்றும் கூறுவார் உளர். இக்கூற்று வன்மையாக மறுக்கப்படவேண்டியது.

இவ்வினா உலகில் மிக வெளிப்படையாகக் கேட்கப்படும் நாடு தென்னாபிரிக்கா. நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், பொருளாதாரத்தின் கடிவாளம் வெள்ளையரின் கையிலேயே எஞ்சியிருந்த நிலையை மாற்றுதற்கு 2003ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பரந்துபட்ட கறுப்பினப் பொருளாதார வலுவூட்டற் சட்டம் என்பது அதன் பெயர். உடைமை, முகாமைக் கட்டுப்பாடு, திறன் விருத்தி, சிறு முயற்சிகளையும் வழங்குநரையும் வளர்த்தல், சமூகப் பொருளாதார மேம்பாடு ஆகியவற்றிலே ஒவ்வொரு நிறுவனமும் புள்ளி பெறவேண்டும். அப்புள்ளியைக் கொண்டே அரசாங்கக் கொள்வனவில் அதன் தகுதி கணிக்கப்படும். ஆனால் எல்லா நிறுவனங்களும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதில்லை. 2015 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த திருத்திய கோவையின்படி ஆண்டு விற்பனை ஒரு கோடி ராண்ட் வரை உள்ள நிறுவனம் விலக்களிக்கப்பட்ட நுண்முயற்சி; ஒரு கோடிக்கும் ஐந்து கோடிக்கும் இடைப்பட்டது மற்றொரு வகை; ஐந்து கோடிக்கு மேற்பட்டதே முழுப் பரீட்சைக்கு உட்பட்டது. இத்துடன் அமையவில்லை. சுற்றுலா, கட்டட நிருமாணம், வேளாண்மை எனச் சில துறைகளுக்குத் தனித்தனிக் கோவைகளும் உள. அவற்றுட் சிலவற்றின் எல்லைக்கோடுகள் பொதுக் கோவையினும் தாழ்ந்தவை. ஆகவே ஒரு விடுதி உரிமையாளர் முதலில் அறியவேண்டியது தம் வருவாயை அன்று, தாம் எத்துறையினர் என்பதையே.

இந்த ஏற்பாட்டில் இரண்டு செய்திகள் இலங்கையருக்கு முக்கியமானவை. முதலாவது, சிறு நிறுவனத்திற்கு அங்கு அளிக்கப்படும் விலக்கு எதிலிருந்து அளிக்கப்படுகிறது என்பது. அது கணக்குக் காட்டும் சுமையிலிருந்து அளிக்கப்படுகிறது. சத்தியக் கடதாசி ஒன்றை முடித்துக் கொடுத்தால் அந்நிறுவனத்தின் நிலை ஏற்கப்படும். அதனிடம் வேலைசெய்வோரின் சம்பள உரிமையோ, வேலைநீக்கத்திற்கு எதிரான பாதுகாப்போ இந்த விலக்கினாற் குறைவதில்லை. மற்றையது பினாமி பற்றியது. கறுப்பினத்தவர் ஒருவரின் பெயரை ஏட்டிலே எழுதிவைத்து இலாபத்தைத் தாம் உண்போர் அங்கும் உளர். 2013ஆம் ஆண்டின் திருத்தம் அதனைக் குற்றமாக்கியது. பத்தாண்டுச் சிறைவரை தண்டனை விதிக்கலாம். பெயரை நோக்காது உள்ளடக்கத்தை நோக்குக என்பதே இத்திருத்தத்தின் பொருள்.

தமிழர் இச்சட்டத்தில் எங்கு நிற்கின்றனர் என்பதையும் கூறுதல் தகும். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பரில் டேர்பன் துறையில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அவர்களின் வழித்தோன்றல்கள் தென்னாபிரிக்கச் சட்டத்தின் வரைவிலக்கணப்படி ‘கறுப்பினத்தவர்’ என்ற தொகுதிக்குள் அடங்குவர்; ஆபிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் என்ற மூவரையும் அச்சொல் தழுவுகிறது. ஏறத்தாழ அதே காலப்பகுதியில், அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து மலாயாவின் தோட்டங்களுக்குச் சென்றோரின் கதை வேறு. 1971இல் மலேசியா வகுத்த புதிய பொருளாதாரக் கொள்கை 1990 அளவில் முப்பது விழுக்காட்டுப் பங்குடைமை மண்ணின் மைந்தருக்கு ஆகவேண்டும் என்றது. அவ்வட்டத்திற்குள் இறப்பர்ப் பால் வெட்டிய தமிழன் இல்லை. அவன் சீன வணிகனுடன் சேர்த்து ‘ஏனைய மலேசியர்’ என எண்ணப்பட்டான். அங்கும் எந்த ஆலைக்கு விதி பொருந்தும் என்ற கோடு பன்முறை நகர்த்தப்பட்டது. 1975இன் கைத்தொழில் ஒருங்கிணைப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெறவேண்டிய ஆலையின் அளவு 1986இல் இருபத்தைந்து இலட்சம் ரிங்கிற் பங்குதாரர் நிதி அல்லது எழுபத்தைந்து பணியாளர் என உயர்த்தப்பட்டது. ஆலை முதலாளிகள் எதிர்த்தபோது கோடு நகர்ந்தது. தோட்டத் தமிழனை வெளியே நிறுத்திய கோடோ நகரவில்லை.

ஒரே வறுமையினின்று கப்பலேறிய மக்கள் ஓரிடத்தில் வட்டத்துள்ளும் மற்றோரிடத்தில் வட்டத்துக்கு வெளியேயும் நிற்கின்றனர். அவர்களுடைய உழைப்பில் வேற்றுமை இல்லை, வரைவிலக்கணத்திலேதான் வேற்றுமை. கண்டிச் சீமைக்கு நடந்து வந்தோரின் நிலை யாது? அதனை அறிவதற்கு 1840ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

அவ்வாண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடாயும் தரிசாயும் குடியற்றும் பயிரற்றும் கிடக்கும் நிலமெல்லாம், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே உரியன என அனுமானித்தது. கண்டிப் பிரதேசங்களின் சேனை நிலத்திற்கோ இன்னும் கடுமையான விதி. சன்னஸ் எனப்படும் அரச சாசனத்தையோ வேறு கொடைப் பத்திரத்தையோ, வழமையான வரி செலுத்தியமைக்கான சான்றையோ காட்டாதவிடத்து அது முடியின் நிலமே. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிப் பயிரிட்ட குடியானவன் ஓலைக்கு எங்கே போவான்? சட்டம் அவனிடமிருந்து நிலத்தைப் பறிப்பதாக ஓரிடத்திலும் கூறவில்லை. நிரூபிக்கும் சுமையை அவன் தலையில் ஏற்றிற்று, அவ்வளவே. பறித்தல் தானே நடந்தேறியது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின; பின்னர் தேயிலைத் தோட்டங்களாயின. தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட பத்தொன்பது ஏக்கரும் அக்கண்டி மலைகளிலேயே உள்ளது.

கண்டிச் சிங்களக் குடியானவர் இழந்த நிலம் பற்றிய முறையீடு பொய்யன்று. 1951இல் அறிக்கை வெளியிட்ட கண்டிக் குடியானவர் ஆணைக்குழு அவர்களின் வறுமையை விரிவாகப் பதிவு செய்துள்ளது. இவ்வுண்மையை மறைத்து மலையகத் தமிழரின் துயரத்தை மாத்திரம் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அம்முறையீட்டிற்குப் பரிகாரமாக வந்த சட்டம் யாரை அளந்தது, யாரை விட்டது என்பது அடுத்து நோக்கற்பாலது.

1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் ஐம்பது ஏக்கருக்கு மேல், நெற்காணியாயின் இருபத்தைந்து ஏக்கருக்கு மேல் வைத்திருத்தலாகாது என விதித்தது. அக்காலத்தில் விவசாய, காணி அமைச்சராயிருந்தவர் கண்டி மாவட்டத்து யட்டிநுவரத் தொகுதியின் உறுப்பினர் ஹெக்டர் கொப்பேகடுவ. இடதுசாரிகளும் அங்கம் வகித்த அரசாங்கம் அது. 1971 ஏப்ரலில் இளைஞர் கிளர்ச்சி நிகழ்ந்து ஓராண்டு கழிந்திருந்தது. சட்டம் புரட்சிகரமானது எனப் போற்றப்பட்டது. எனினும் அதன் ஏற்புடைமைப் பிரிவோ பொதுக் கம்பனிகளின் நிலத்தை உச்சவரம்புக்கு வெளியே விட்டது. இலண்டனில் அலுவலகம் வைத்திருந்த ஸ்ரேலிங் கம்பனி பல்லாயிரம் ஏக்கரை வைத்திருக்கலாம். கண்டியில் வாழ்ந்த தனியொருவர் ஐம்பத்தோராவது ஏக்கரை வைத்திருத்தலாகாது! குடியானவனின் நிலம் யாருக்காகப் பறிக்கப்பட்டதோ அவர்களையே சட்டம் தொடவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1975ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலமே கம்பனிகளின் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கர் அரசுடைமையாயிற்று.

அந்நிலங்களைப் பண்படுத்தியோர் எங்கே? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியிருந்தது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கெடுத்து, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதி பின்னர் எனப் பங்கிட்டிருந்தது. நிலத்தைப் பகிர்ந்தளிக்கும் சட்டத்தின் கண்ணுக்கு, இத்தகையோர் நிலம் பெறத் தகுந்தோராகத் தென்படவில்லை. மத்திய உயரத்திலுள்ள கண்டி மாவட்டத் தோட்டங்கள் சுவீகரிக்கப்பட்டபோது லயங்களில் இருந்தோர் பல இடங்களில் வேலையிழந்தனர். சில இடங்களில் விரட்டப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலே பட்டினிச் சாவு நிகழ்ந்தது. கண்டி நகரின் வீதிகளிலும் புகையிரத நிலையத்திலும் தோட்டத்து மக்கள் கையேந்தி நின்ற காலம் அது. 1977 மே மாதத்தில் தோட்டக் காணிகளைப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானான். நிலச் சீர்திருத்தம் என்ற முற்போக்குச் சட்டம் நிலத்தில் உழைத்தவனைச் சுட்டு வீழ்த்தும் நிலைக்கு எவ்வாறு வந்தது? அச்சட்டம் நில உடைமையாளனை அளந்தது. நிலம் பெறுவோனை அளந்தது. உழைப்பவன் என்றொரு வகையே அதன் அகராதியில் இருக்கவில்லை.

உள்ளூராட்சியிலும் இதே வரலாறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்குரிமை பெற்றுச் சபைக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்த தொழிலாளி, அவ்வுறுப்பினரைக் கொண்டு தன் லயத்துக்கு ஒரு பாதை போடுவிக்க இயலாதவனாயிருந்தான். முப்பத்தோராண்டுகள் கழித்து, 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

1992இல் தோட்டங்களின் முகாமை தனியாரிடம் கையளிக்கப்பட்டது; 1995 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டன. தென்னாபிரிக்காவின் உடைமை மாற்றத்தை ஒத்ததாக இந்நாட்டிற் சுட்டக்கூடிய நிகழ்ச்சி ஒன்று உண்டெனில் அது இதுவே. பங்குகளிற் பத்து விழுக்காடு தொழிலாளருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. ஐம்பத்தொரு விழுக்காடு முதலீட்டாளருக்கு. பத்துக்கும் ஐம்பத்தொன்றுக்கும் இடையிலான தூரத்தைப் பற்றிப் பலவாறு எழுதலாம். பங்கு என்னவென்று எவரும் விளக்காத நிலையில் பலர் அதனைக் கிடைத்த விலைக்கு விற்றனர் என்பதும் அறிந்ததே. ஆயினும் அதனிலும் கவனத்திற்குரியது வேறொன்று. கண்டி, மாத்தளை மாவட்டங்களின் மத்திய உயரத் தோட்டங்கள் பல, இலாபம் தராதன என்ற காரணத்தால், ஜனவசம என வழங்கும் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமுமே எஞ்சின. அந்தானையும் லூல்கந்துரவும் அவ்வாறு எஞ்சியவையே. சபைக்குப் பங்கு இல்லை. பங்கில்லாதவிடத்துப் பத்து விழுக்காடும் இல்லை. மலைக்கு இப்புறத்தில் கொழுந்து பறித்தவள் பங்குதாரி. அப்புறத்தில் பறித்தவள் அல்லள். தன் தோட்டம் எந்தச் சட்டவடிவில் இருக்கவேண்டும் என்று எவரும் அவளைக் கேட்கவில்லை. மேலும் இவ்வரச தோட்டங்களிலேதான் ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஆண்டுக்கணக்கில் நிலுவையாய்க் கிடந்தன. சட்டத்தை இயற்றிய அரசே அதனை மீறிய தொழில்தருநராகவும் நின்றது.

இனிச் சம்பளம். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேயிலைத் தொழிலுக்கெனச் சபையொன்று உண்டு. நெடுங்காலம் அதனை ஒதுக்கிவைத்துத் தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் கூட்டு ஒப்பந்தம் செய்துவந்தன. 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் மூலம் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என வர்த்தமானியில் வெளியிடப்பட்டது. 2024இல் ஆயிரத்து எழுநூறு ரூபாவென வெளியிடப்பட்ட வர்த்தமானிக்கெதிராகக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாவாயிற்று. பத்திரிகைகள் தொகையைப் பற்றியே பேசின. தோட்டத்திலோ பேச்சு வேறு. ஒரு நாட்சம்பளத்துக்கு எத்தனை கிலோ கொழுந்து? இக்கேள்விக்குச் சம்பளச் சபை விடை கூறவில்லை. கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டபின் அவ்விடையைத் தோட்ட நிர்வாகமே தன் விருப்பப்படி எழுதலாயிற்று. குறித்த நிறைக்கு ஒரு கிலோ குறைந்தால் நாள் அரைநாளாகும். வர்த்தமானியின் நாளும் மலையின் நாளும் ஒன்றல்ல.

இதனினும் கூர்மையான ஆயுதம் ஒன்று இப்பொழுது தீட்டப்படுகிறது. வெளியார் உற்பத்தி முறை என்றும் வருமானப் பகிர்வு முறை என்றும் அது பெயர்பெறும். தேயிலைச் செடிகளின் ஒரு தொகுதி தொழிலாளர் குடும்பமொன்றிடம் ஒப்படைக்கப்படும். உரமும் மருந்தும் கம்பனி தரும். அவற்றின் விலையைக் கழித்துக்கொள்ளும். கொழுந்தைக் கம்பனியின் தொழிற்சாலைக்கே கொடுக்கவேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என விலை கிடைக்கும். ‘நேற்றைய கூலி இன்றைய தொழில் முனைவோன்’ என்று இதனைப் போற்றுவோர் உளர். வலுவூட்டல் என்னும் சொல்லை இவர்கள் தயக்கமின்றி எடுத்தாள்வர்.

அந்தத் தொழில் முனைவோன் யார் என்று சட்டத்திடம் வினவிப் பார்க்க. அவன் ஊழியன் அல்லன் என்று கம்பனி வாதிட வழி திறந்துவிடுகிறது. ஊழியன் அல்லனெனில் சம்பளச் சபையின் நாட்கூலி அவனுக்குப் பொருந்தாது, சேமலாப நிதியின் பன்னிரண்டு விழுக்காடும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் மூன்று விழுக்காடும் பொருந்தா, பணிக்கொடையும் பொருந்தாது. ஆகட்டும், அவன் சிறுதோட்ட உடைமையாளனா? இந்நாட்டுத் தேயிலையிற் பெரும்பகுதியை இன்று தருவோர் சிறுதோட்ட உடைமையாளரே. அவர்களுக்கென 1975ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அதிகாரசபை உண்டு, மானியம் உண்டு. ஆனால் இவனுக்கு நில உரித்து இல்லை. செடி கம்பனியினது, நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, லயமும் அவ்வாறே. உரித்தில்லாதவன் உடைமையாளன் ஆவதெங்ஙனம்? வங்கியின் கதவும் அதே உறுதியைத்தான் கேட்கும். 2016இல் வகுக்கப்பட்ட சிறு, நடுத்தர முயற்சிகளுக்கான தேசிய கொள்கைச் சட்டகம் பணியாளர் தொகையையும் ஆண்டு விற்பனையையும் கொண்டு முயற்சிகளை வகைப்படுத்துகிறது. விற்பனை என்று கூறத்தக்க ஒன்று, வாங்குபவன் ஒருவனே, விலை கூறுபவனும் அவனே என்ற நிலையில் இவனுக்கு உண்டா? ஆகத் தொழிலாளர் சட்டம் இவனை முனைவோன் என்று அனுப்பிவைக்கும். முனைவோர் திட்டம் இவனைத் தொழிலாளி என்று திருப்பியனுப்பும். தென்னாபிரிக்கர் பினாமி எனக் குற்றமாக்கியது இத்தகைய வேடத்தையே. அங்கு கறுப்பினத்தவனுக்கு முதலாளி வேடம் புனைந்து சலுகை பெறுவர். இங்கு தொழிலாளிக்கு முதலாளி வேடம் புனைந்து கடமையினின்று தப்புவர்.

தோட்டத்தை விட்டுக் கண்டி நகருக்கு இறங்கிவரும் இளைஞன் இக்கோடுகளிலிருந்து தப்பிவிடுகிறானா? அவனை ஒரு புடைவைக்கடையோ உணவுச்சாலையோ ஏற்றுக்கொள்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தற் சட்டம், ஊழியரை அவர்தம் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிறுத்தலாகாது என்கிறது. ஆயின் பதினைந்துக்குக் குறைந்த ஊழியரைக் கொண்ட இடத்துக்கு அது பொருந்தாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டமும் பதினைந்து என்ற அதே எண்ணில் நிற்கிறது. பதினான்கு பேர் வேலைசெய்யும் கடையில் பத்தாண்டு உழைத்தவன், பதினைந்தாமவன் இல்லாத குற்றத்திற்காகப் பணிக்கொடையை இழக்கிறான். அவன் சகோதரி வீட்டு வேலைக்குச் சென்றிருப்பின், அவளைச் சேமலாப நிதிகூட நெடுங்காலம் தன் எல்லைக்கு வெளியே வைத்தது.

சிறு கடைக்காரர் எல்லாச் சுமையையும் தாங்கமாட்டார், ஆகவே கோடு தேவைதானே என்று கேட்கப்படலாம். இது அற்பமான வாதமன்று. ஊற்றுநீர்போல் வருமானம் சொட்டும் ஒரு பெட்டிக்கடைக்கும் நூறு பேரை வைத்து நடத்தும் பெருங்கடைக்கும் வேறுபாடு காட்டத்தான் வேண்டும். ஆனால் எதில் வேறுபாடு காட்டுவது? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் கடைகளிடையே எண்ணிக்கைக் கோடு எதனையும் வரையவில்லை. ஒரேயோர் ஊழியரை வைத்திருப்பவரும் செலுத்தவேண்டும். அதனால் நாட்டிற் சிறு வணிகம் அழிந்துவிடவில்லை. சிறியவருக்குப் படிவங்களைக் குறைக்கலாம், தவணை கொடுக்கலாம், கணக்காய்வைத் தளர்த்தலாம். தென்னாபிரிக்கச் சட்டம் செய்வது அதனையே. இங்கு சிறியவருக்குக் கொடுக்கப்படுவதோ பிறர் உரிமையை மறுக்கும் சலுகை.

உற்பத்திச் செலவு கூடிவிட்டது, உலகச் சந்தையிற் போட்டி மிகுந்துவிட்டது என்று கம்பனிகள் கூறுவது வேறு வகையான வாதம். அது மெய்யாயின் கணக்கேடுகளை மேசையில் விரித்து, இவ்வளவே கொடுக்க இயலும் என்று வாதிடட்டும். கொடுக்க இயலாமை, கொடுக்கப்படவேண்டியவனை வேறொரு பெயரால் அழைப்பதற்கு நியாயமாகாது.

செய்யத்தக்கது யாது? 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஓர் அனுமானத்தின் வலிமையை இம்மலைநாட்டுக்குக் கற்பித்தது. மறுதலை நிரூபிக்கப்படும்வரை நிலம் முடியினது என்ற ஒரு வரி, கண்டிக் குடியானவனை நிலமற்றவனாக்கிற்று. அவ்வாயுதத்தையே மறுபுறம் திருப்புதல் வேண்டும். அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் விளைந்த கொழுந்தை அக்குத்தகையாளரின் தொழிற்சாலைக்குக் கொடுப்பவர் எவரும், மறுதலையைக் கம்பனி நிரூபிக்கும்வரை, அக்கம்பனியின் ஊழியரே என்று சம்பளச் சபைகள் சட்டத்திலும் சேமலாப நிதிச் சட்டத்திலும் பணிக்கொடைச் சட்டத்திலும் எழுதப்படல் வேண்டும். கம்பனி, கூட்டுத்தாபனம், சபை என்ற சட்டவடிவ வேறுபாடு அதிற் கணிக்கப்படலாகாது. எழுத்தறியாதவள் கைந்நாட்டிட்ட ஒப்பந்தம் அவளுக்கெதிரான சான்றாகவும் ஆகலாகாது. கண்டியின் தொழிற் காரியாலயத்திற்கு ஒருவர் முறையீட்டோடு செல்லும்போது, ‘நீர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதற்குப் பத்திரம் கொண்டுவாரும்’ என்ற வினா அவரிடம் கேட்கப்படாது, கம்பனியிடம் கேட்கப்படும்.

இதனைச் செய்யாது நில உரித்தை மட்டும் கோருவோரும் உளர். நில உரித்து இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரைவிலக்கணம் திருந்தாமல் வரும் உரித்து, 1995இன் பத்து விழுக்காட்டைப் போல் கைமாறிப் போகும். அயற்கிராமத்துச் சிங்களக் குடியானவனையும் இக்கோரிக்கை பகைக்கவேண்டியதில்லை. 1840இல் நிரூபிக்கும் சுமையால் நசுக்கப்பட்டவன் அவனே. அவனுடைய பிள்ளைகளும் இன்று கொழுந்து கொடுக்கும் சிறுதோட்டக்காரராய், தொழிற்சாலை கூறும் விலையை ஏற்பவராய் உள்ளனர்.

பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகைகள் 2045இல் முடிவுறுகின்றன. புதுப்பிக்கும் பேச்சு அதற்குப் பல்லாண்டு முன்னரே தொடங்கிவிடும். வழக்கறிஞர்கள் முதலில் எழுதுவது ‘இப்பத்திரத்தில் தொழிலாளி என்பது…’ என்று தொடங்கும் வரைவிலக்கணப் பிரிவையே. மலையகத் தொழிற்சங்கங்கள் அந்நாளில் அம்மேசையில் அமர்ந்திருக்கப் போகின்றனவா, அன்றி அடுத்த தீபாவளி முற்பணத்தின் தொகையைப் பற்றித் தோட்டத்துரையோடு பேசிக்கொண்டிருக்கப் போகின்றனவா என்பதற்கு அவையே விடையிறுக்கவேண்டும்.